கோப்ளின் கட்டைக் கலைத்துப் போட்டேன்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வீடு மாறியதில் சீட்டுப் பெட்டிகள் எங்கோ அடியில் மாட்டிக்கொண்டன. நேற்றுதான் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். அதனால்தான் பதிலும் தாமதம்.

மேஜிக்: தி கேதரிங் சீட்டாட்டத்தில், நால்வர் சேர்ந்து ஆடும் கமாண்டர் ஆட்டத்துக்கு ஓர் உயிரின இனத்தை வைத்துக் கட்டு சேர்க்கப்போவதாகவும், ஜாம்பியா டிராகனா என்று குழம்புவதாகவும் எழுதியிருந்தாய். அதற்கு முன் என் கோப்ளின் (குட்டிப் பூத) கட்டுக்கு நேர்ந்ததைக் கேள்.

கிரென்கோ என்ற கோப்ளின்தான் என் தளபதிச் சீட்டு (கமாண்டர்) என்பது உனக்குத் தெரியும். அவனைப் பக்கவாட்டில் திருப்பினால், என்னிடம் எத்தனை கோப்ளின்கள் இருக்கின்றனவோ அத்தனை புதிய கோப்ளின் டோக்கன்கள் (கட்டில் இல்லாமல் மேசையிலேயே உருவாகும் உயிரினங்கள்) வந்துவிடும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். போன மாதம் ஒரு நாள் பதினாறு கோப்ளின்கள் வரை கொண்டுவந்துவிட்டேன். மற்றவற்றுக்கு வலுக் கூட்டும் லார்டு சீட்டுகள் மூன்றையும் இறக்கியிருந்தேன். கையில் மிச்சம் ஒரே ஒரு மலை, அதாவது நிலச் சீட்டு. அடுத்த சுற்றில் தாக்கலாம் என்று நிறைந்த மனதோடு முறையை விட்டுக்கொடுத்தேன். இடப்பக்கம் இருந்தவர் நான்கு நிலங்களைத் திருப்பி, சீட்டின் விலையான மனாவை எடுத்து, எல்லா உயிரினங்களையும் அழிக்கும் ராத் ஆஃப் காட் சீட்டைப் போட்டார். மேசையில் ஓர் உயிர்கூட மிஞ்சவில்லை. கிரென்கோவைத் திரும்ப அழைக்க நான்குக்குப் பதில் ஆறு மனா. அழைத்தேன், உடனே வேறொருவர் அவனைக் கொன்றார். அடுத்த முறைக்கு எட்டு மனா. அதன் பிறகு ஒரு மணி நேரம் மற்ற மூவரும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. இருவர் ஆட்டத்தின் கணக்கை நால்வர் மேசைக்குக் கொண்டுபோனதுதான் பிழை என்று அப்போதுதான் உறைத்தது. இருவர் ஆட்டத்தில் எதிராளிக்கு உயிர் 20. இங்கே ஆளுக்கு 40, மூன்று பேருக்கும் சேர்த்து 120. அதைவிடப் பெரிய விஷயம் காத்திருப்பு. புதிதாக வந்த உயிரினம் அந்தச் சுற்றில் தாக்க முடியாது. இருவர் ஆட்டத்தில் அது ஒரே ஒருவரின் முறையைத் தாண்டினால் போதும். இங்கே மூன்று பேரின் முறையைத் தாண்ட வேண்டும். அந்த மூவரில் ஒருவர் கையிலாவது எல்லாவற்றையும் துடைக்கும் சீட்டு இருக்காதா? நானோ மேசையில் எத்தனை நிற்கின்றன என்பதையே எண்ணிக்கொண்டிருந்தேன். துடைத்த பிறகு என்னிடம் என்ன மிஞ்சும் என்பதை எண்ணவே இல்லை.

எனவே லார்டு சீட்டுகளை எடுத்துவிட்டேன். 1993இல் வந்த கோப்ளின் கிங்கையும்தான். அந்த முதல் அச்சில் அதன் வகை கோப்ளின் அல்ல, 'லார்டு'. அந்தப் பெயர்தான் இன்று இத்தகைய சீட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. அதை உறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். கோப்ளின் சீஃப்டனை மட்டும் விடவில்லை. அவன் வலுவோடு வேகத்தையும் கொடுக்கிறான். கிரென்கோ வந்த சுற்றிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.

அவற்றின் இடத்தில் புர்ஃபரோஸ், இம்பாக்ட் ட்ரெமர்ஸ், ஸ்கல்கிளாம்ப் என்ற சீட்டுகளை வைத்தேன். புர்ஃபரோஸ் இருக்கும்போது என் பக்கம் ஓர் உயிரினம் நுழைந்தால் எதிராளிகள் ஒவ்வொருவருக்கும் 2 சேதம். முதல் சுற்றில் 4 கோப்ளின்கள், அடுத்ததில் 8. ஒருவரையும் தாக்காமலே ஆளுக்கு 24 உயிர் குறைந்தது. வழக்கம்போல ராத் வந்தது. புர்ஃபரோஸுக்கு அழிவில்லை, அப்படியே நின்றான். துடைப்பு வருவதற்கு முன்பே நான் ஸ்கல்கிளாம்ப் என்ற கருவியை இரண்டு டோக்கன்களுக்கு அடுத்தடுத்து மாட்டியிருந்தேன். அது வலுவை ஒன்று கூட்டி உயிரை ஒன்று குறைக்கும், ஆகவே மாட்டிய கணமே டோக்கன் சாகும், எனக்கு இரண்டு சீட்டு வரும். ஒரு மனாவுக்கு இரண்டு சீட்டு! கை நிறைய கோப்ளின்களோடு மறுபடி தொடங்கினேன். ஆட்டத்தை வெல்லவில்லை. ஆனால் கடைசி இருவரில் ஒருவனாக நின்றேன், இறுதிவரை எனக்குச் செய்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். டிராகன்கள் அழகுதான், ஆனால் விலை அதிகம். ஒன்று செத்தால் ஒரு முழுச் சுற்றின் மனா போயிற்று. நீ ஜாம்பியையே எடு. சாவது அவற்றுக்கு நட்டமே இல்லை. கிரேவ்கிராலர் என்ற ஜாம்பியை, உன்னிடம் இன்னொரு ஜாம்பி இருக்கும்வரை, கல்லறைக் குவியலிலிருந்தே திரும்ப ஆடலாம். கிரே மெர்ச்சன்ட் என்ற ஜாம்பியும் கட்டாயம் வேண்டும். அவன் நுழையும்போது, உன் மேசைச் சீட்டுகளின் விலையில் எத்தனை கறுப்பு மனாக் குறிகள் இருக்கின்றனவோ அத்தனை உயிரை ஒவ்வொரு எதிராளியும் இழப்பார். மூவரும் இழந்த மொத்தமும் உனக்கு வந்து சேரும். சீட்டு தேர்ந்தெடுக்கும்போது 'ஒவ்வொரு எதிராளியும்' என்ற சொல் இருக்கிறதா என்று பார். நால்வர் மேசையில் அந்தச் சொல்லுக்கு மும்மடங்கு மதிப்பு.

ஒன்றில் மட்டும் எனக்குத் தயக்கம்: பேட்ரியார்க்ஸ் பிடிங் என்ற சீட்டு. செத்த ஜாம்பிகள் அத்தனையும் ஒரே வீச்சில் எழுந்து வரும். ஆனால் மற்றவர்களும் தங்கள் இனத்தைச் சொல்லி எழுப்பிக்கொள்வார்கள். உன் மேசையில் வேறு யாராவது இனக் கட்டு ஆடுகிறார்களா? அதைத் தெரிந்துகொண்டு சொல்கிறேன். மற்ற 99 சீட்டுகளின் பட்டியலையும் அனுப்பு, உட்கார்ந்து பார்க்கலாம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்