ஐந்து சிறுவர்களின் ஓபரா

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டனி டேவிஸ் இசையமைத்து, 2020-ல் புலிட்சர் பரிசு வாங்கிய ‘தி சென்ட்ரல் பார்க் ஃபைவ்’ என்ற ஓபராவைப் (பாட்டாலேயே கதை சொல்லும் மேடை நாடகம்) பற்றித் தங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டும். அதன் கதையான, 1989-ல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவில் ஒரு பெண் பாலியல் வன்முறைக்கு ஆளான வழக்கில் நடந்தது நெஞ்சைப் பிசைகிறது. 14 முதல் 16 வயதுப் பையன்கள் ஐவரைப் போலீஸார் மணிக்கணக்கில் குடைந்து, நால்வரை கேமரா முன் உட்காரவைத்துச் செய்யாத குற்றத்தைச் சொல்ல வைத்தார்கள். தடயத்தில் கிடைத்த டிஎன்ஏ அவர்களில் எவருக்கும் ஒத்துப்போகவில்லை. அப்புறமும் தண்டனைதான்! உண்மைக் குற்றவாளி வாய்திறந்த பிறகு, 2002-ல்தான் தீர்ப்பு ரத்தானது. 2014-ல் 4.1 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது. சரி, தொலைந்த பள்ளிக்கூட நாட்களை யார் தருவது? அந்தப் பையன்களின் குரல் மேடையேறிப் பாட்டாக ஒலிப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

- ஒரு வாசகி, திருச்சி