ஹெலிகாப்டர்களை மறக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானின் ‘காகா’ கப்பல் எஃப்-35பி போர் விமானங்களைத் தாங்குவதற்காக மாற்றப்படுவது பற்றிய தங்கள் கட்டுரை சிறப்பு. ஆனால் அது ஹெலிகாப்டர்களை ஒரே வரியில் கடந்துவிட்டது. எனக்கு அது பெருங்குறை.

1973இல் ஜப்பான் கடற்படையில் சேர்ந்த ‘ஹருனா’ கப்பல் மூன்று ஹெலிகாப்டர்களுடன்தான் தொடங்கியது. நீர்மூழ்கிகளைத் தேடுவதே அதன் முதன்மை வேலை. சோனார் கருவியைக் கடலுக்குள் இறக்கி ஒலி கேட்டு, உடனே அடுத்த இடத்துக்குப் பறக்க ஹெலிகாப்டரால் முடியும், கப்பலால் முடியாது. ஒரே நேரத்தில் பல ஹெலிகாப்டர்களை இயக்க நீண்ட தளம் வேண்டும். அந்தத் தேவையே 2009இல் ‘ஹியூகா’வையும், 2015இல் 248 மீட்டர் நீள ‘இசுமோ’வையும் தந்தது. 2017 ஜூலையில் ‘மலபார்’ கூட்டுக் கடற்படைப் பயிற்சிக்காகச் சென்னைக்கு வந்ததும் இந்த இசுமோதான். 2011 சுனாமியின்போது ஹியூகா நிவாரணப் பணியில் இறங்கியது. ஹையான் புயலுக்குப் பின் ‘இசே’ கப்பல் பிலிப்பைன்ஸுக்கு விரைந்தது.

இப்போதோ எஃப்-35பி விமானங்களுக்காகத் தளத்துக்கு வெப்பம் தாங்கும் பூச்சு. இசுமோவின் இணைக்கப்பலான காகாவின் முகப்போ செவ்வக வடிவம் பெற்றுவிட்டது. வரவிருக்கும் விமானங்கள் விமானப்படைக்குச் சொந்தமானவை, கடற்படைக்கு அல்ல. அவை ஏறும்போது ஹெலிகாப்டர்களுக்கான இடம் சுருங்கும். நீர்மூழ்கிகள் பெருகிவரும் கடலில் இது சரியான பேரம் என்று எனக்குத் தோன்றவில்லை. இதைப் பற்றியும் விரிவாக எழுதுங்கள்.

– வாசகர், நாகர்கோவில்