உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை

மாவட்ட மக்கள் நல்வாழ்வுப் பணிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வீட்டில் இருந்தபடியே பெண்களுக்கான தொலைமருத்துவச் சேவையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். துணை சுகாதார நிலையங்களில் தொலைமருத்துவ ஆலோசனைக்குத் தனி அறை கேட்டு நான் கொடுத்த இரண்டு மனுக்களும் உங்களுக்குத் தெரியும். போன வாரக் கூட்டத்தில் அதற்குக் கிடைத்த பதில் இது: "போன்ல பேசுற வைத்தியத்துக்கு ரூம் எதுக்கும்மா?"

எதற்கு என்று சொல்கிறேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. நடவு வேலைக்குப் போகிறவர். மூன்று மாதத்தில் நான்கு முறை கூப்பிட்டார், நான்கு முறையும் தலைவலி என்றார். போன் மகனுடையது. காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பின்னால் மகனும் மருமகளும் பேசுவது எனக்கே கேட்கும். பிரஷர் பார்க்கச் சொன்னோம், பார்த்தார், சரியாக இருந்தது. ஐந்தாவது முறை, போனை எடுத்துக்கொண்டு ஆளில்லாத ஆற்றங்கரைக்குப் போய்க் கூப்பிட்டார். "தலைவலியெல்லாம் இல்லம்மா. தூரம் நின்னு ரெண்டு வருசமாச்சு, இப்ப மறுபடியும் படுது."

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் பரிசோதித்தாக வேண்டும். பல பேருக்குச் சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம். அந்த ஒரு வாக்கியம் எங்களிடம் வந்து சேர மூன்று மாதம் ஆகிவிட்டது. அன்றே அவரைத் தஞ்சாவூருக்கு அனுப்பினோம். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.

அவர் மறைத்துவிட்டார் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவருக்குச் சொல்ல இடமில்லை.

தினமும் இதே கதைதான். "நான் கேட்கிறேன், நீங்கள் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்பேன். ஒரு நாளைக்கு நாலு துணிக்கு மேல் மாற்றுகிறீர்களா? கட்டி கட்டியாகப் போகிறதா? வெள்ளைப்படுதலில் நாற்றம் இருக்கிறதா? பாதியில் யாராவது வந்துவிட்டால், "மாமா நல்லாருக்காங்க, நாத்துப் பறிச்சாச்சு" என்று பேச்சு மாறிவிடும். காத்திருப்பேன். சில நாள் அப்படியே லைன் போய்விடும். மருந்து எழுதுகிறவர் மருத்துவர். தொட்டுப் பார்க்க முடியாத அவருக்கு, நான் கேட்டு வாங்கித் தரும் விவரத்தை விட்டால் வேறு பிடிமானம் இல்லை.

2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் பொறுப்பை மருத்துவர் மேல் வைக்கின்றன. நானும் கதவைச் சாத்தி, ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன். ஆனால் அந்தப் பக்கம் பேசுகிற பெண் வரப்பிலோ மாட்டுக்கொட்டகையிலோ பஸ் ஸ்டாண்டிலோ நிற்கிறாள்.

துணை சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பேசலாமே என்பீர்கள். நான் போய்ப் பார்த்த நிலையத்தில், எங்களோடு பேசுவதற்கான டேப்லெட் கணினி முன்கூடத்து மேசையில் இருக்கிறது. சுற்றிலும் பெஞ்சில் தடுப்பூசிக்கு வந்தவர்கள். அதில் ஒருத்தி நாத்தனாராக இருப்பாள், இன்னொருத்தி பக்கத்து வீட்டுக்காரியாக இருப்பாள்.

ஜூன் 12 மேட்டூர் திறந்துவிட்டால், கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று எல்லோரும் நாளை எண்ணுகிறோம். தூர்வாருவதற்குக் கூட்டம் மேல் கூட்டம் போடுகிறோம். போட வேண்டியதுதான், நானும் விவசாயக் குடும்பத்துப் பெண்தான். ஆனால் அந்தத் தண்ணீரில் காலையிலிருந்து குனிந்து நிற்கிறவள், ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் நட்டுவிட்டு, நீர்க்கடுப்போடு வீடு திரும்புகிறாளே, அவளைப் பற்றி ஒரு கூட்டத்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவள் உடம்பைப் பற்றி அவளே வாய்திறந்து சொல்ல ஓர் அறை கேட்டால், எதுக்கும்மா என்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது ஐயா. வராமல் எப்படி இருக்கும்?

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் தொலைமருத்துவத்துக்கென்று ஓர் அறை வேண்டும். நடவுக்குப் போகிறவர்கள் வயலிலிருந்து திரும்புவதே மதியத்துக்கு மேல்தான். அதனால் சாயந்திரம் இரண்டு மணி நேரமாவது அது திறந்திருக்க வேண்டும். புதுக் கட்டடம் கேட்கவில்லை. நான் பார்த்த நிலையத்தில் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் உடைந்த நாற்காலிகளும் அடைத்த ஓர் அறை இருக்கிறது. அதைக் காலி செய்து, ஒரு நாற்காலியும் டேப்லெட்டும் நல்ல இணைப்பும் கொடுத்தால் போதும். சம்பா நடவு தொடங்குவதற்குள் செய்து கொடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தாழ்ப்பாளை உள்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். அந்த அறைக்கு இப்போது வெளியே மட்டும்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
டெல்டாவிலிருந்து ஒரு செவிலியர்