கொலுசு யாரு செஞ்சதுன்னு கேட்டு சொல்லும்மா

அம்மா,

நல்லாருக்கியா, அப்பாவுக்கு முட்டி வலி பரவால்லயா. போன் பண்ணா சாப்பிட்டியா தூங்குனியான்னு கேக்கறதுலயே பேச்சு முடிஞ்சிடுது, நான் சொல்ல வந்தது அப்படியே நின்னுடுது, அதான் உக்காந்து டைப் பண்ணிட்டேன். தம்பிய படிச்சு காட்ட சொல்லு, நடுவுல தாண்டி தாண்டி படிப்பான், விட்டுடாத.

குளிர சொல்லிடறேன், இல்லன்னா அதையே கேப்ப. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடுது. ஏற்காட்டுல மேகம் எறங்கி ரோடே தெரியாம போகுமே, அதுல சூடா மொளகா பஜ்ஜி மட்டும் இல்லன்னு வெச்சுக்க. சாப்பாட்டுக்கு கஷ்டமில்ல, இங்கிலாந்துல இந்த லெஸ்டர் ஊர்ல பெல்கிரேவ் ரோடு பூரா குஜராத்திக்காரங்க கடைதான், கறிவேப்பில புளி உளுந்து எல்லாம் வாங்கிக்கறேன். தட்டுவடை செட்டுக்குதான் வழியில்ல.

பழைய சாமான பாத்துக்கறதுக்கு எதுக்கு இத்தன லட்சம் செலவு பண்ணி படிக்கணும்னு அத்த கேட்டாங்களாமே. கேக்கட்டும். இங்க யுனிவர்சிட்டில 1966ல இருந்தே மியூசியம் படிப்பு நடக்குது. கண்ணாடிப் பெட்டில வெச்சு லைட் போடறது இதுல கொஞ்சம்தான். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல சுமார் 80 லட்சம் பொருள் இருக்கு, ஜனங்க பாக்கற மாதிரி வெளிய இருக்கறது 80,000 பக்கம்தான், மிச்சமெல்லாம் உள்ள ஸ்டோர்ல. அந்த மிச்சம்தான் எங்க பாடமே. வெளிச்சத்த லக்ஸ்னு ஒரு கணக்குல அளப்பாங்க, துணி, காகிதம்னா அது 50 தாண்டக்கூடாது, சாயம் வெளுத்தா வெளுத்ததுதான், திரும்ப வராது. நீ பீரோல போடறியே நாப்தலின் உருண்ட, அதெல்லாம் இப்ப மியூசியத்துல வேண்டாங்கறாங்க, மூச்சுக்கு நல்லதில்ல. பூச்சி வந்த துணிய பாலித்தீன்ல காத்து புகாம சுத்தி மைனஸ் 30 டிகிரில மூணு நாள் வெச்சுடறாங்க, முட்ட உட்பட செத்துடும். அதுக்குன்னு உன் கல்யாணப் பட்டுப்புடவைய நம்ம பிரிட்ஜ்ல வெச்சுடாத தாயே, அது அந்த அளவுக்கு குளிராது.

டிஜிட்டல் மியூசியம்னா என்னன்னு அப்பா கேட்டாங்கல்ல, இத சொல்லு. 2012ல இந்த ஊர்ல ஒரு கார் பார்க்கிங்க தோண்டறப்ப ஒரு எலும்புக்கூடு கெடைச்சுது, மூணாம் ரிச்சர்டுன்னு 1485ல சண்டைல செத்த ராஜா. அவரோட அக்கா வம்சத்துல வந்தவங்கள தேடிப் புடிச்சு டிஎன்ஏ ஒத்துப் பாத்து, அடுத்த வருஷம் இவர்தான்னு சொல்லிட்டாங்க. 2015ல எலும்ப சர்ச்ல அடக்கம் பண்ணியாச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே ஸ்கேன் பண்ணி வெச்சிருந்ததால, 3டி பிரிண்ட் எடுத்த எலும்புக்கூடுதான் இப்ப அந்த எடத்துல கட்டியிருக்கற கட்டடத்துல நம்ம பாக்கறது. நெஜ ராஜா மண்ணுக்குள்ள, நகல் கண்ணாடிக்குள்ள. எனக்கு அது புடிச்சிருந்துது, செத்தவருக்கும் மரியாத, பாக்க வர்றவங்களுக்கும் ஏமாத்தமில்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சொந்தப் பொருள் ஒண்ண எடுத்துட்டு வந்து ஸ்கேன் பண்ணணும்னு ஒரு பயிற்சி. நான் நீ வாங்கிக் குடுத்த கொலுச எடுத்துட்டு போனேன். பொருள மெதுவா திருப்பித் திருப்பி நூத்துக்கணக்குல போட்டோ எடுக்கணும், ஒவ்வொரு படமும் முந்துன படத்தோட பாதிக்கு மேல ஒத்துப் போகணும், அந்த ஒத்துப்போற புள்ளிய வெச்சுதான் கம்ப்யூட்டர் உருவம் கட்டும். மண்பானை, மரபொம்ம எல்லாம் சமத்தா வந்துடுச்சு. வெள்ளி வரல. திருப்பத் திருப்ப பளபளப்பு நகந்துட்டே போகுது, கம்ப்யூட்டருக்கு புள்ளி சிக்கல, கொலுசுக்கு பதிலா கரப்பான் கடிச்ச மாதிரி ஓட்ட ஓட்டயா ஒண்ணு வந்துது. அப்புறம் லைட்டுக்கும் லென்சுக்கும் போலரைசிங் பில்டர் போட்டு மினுமினுப்ப அடக்குனதும் ஒழுங்கா வந்துது, முத்துக்கு பக்கத்துல உருக்கி ஒட்டி பத்தவெச்ச தடம் வரைக்கும் தெரியுது. சத்தம் மட்டும் வராதுல்ல, அத தனியா ரெக்கார்ட் பண்ணோம், ஒரு பிரெஞ்சுப் பொண்ணு காலுல மாட்டிட்டு நடந்தா, எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

அதுக்கப்புறம் பொருள பத்தி ஒரு ஃபார்ம் நிரப்பணும். என்ன உலோகம், எத்தன கிராம், எந்த ஊர், எந்த வருஷம், எப்படி செஞ்சது, யாரு செஞ்சது. ஊரு சேலம் செவ்வாய்ப்பேட்டன்னு போட்டேன். செஞ்சவர் பேர்ல ‘தெரியவில்லை’ன்னு போட்டுட்டு போயிடலாம்னு பக்கத்துல இருந்தவன் சொன்னான், நான் போடல. இங்க நம்ம பக்கத்து சாமான் முக்காவாசிக்கு அப்படித்தாம்மா எழுதி இருக்கு. ஐநூறு வருஷத்துக்கு முந்தி செத்தவர் யாருன்னு டிஎன்ஏ வரைக்கும் போயி தேடறாங்க, நம்ம சேலம் சிவதாபுரத்துல உக்காந்து கொலுசு செய்யற ஆளு உசுரோட இருக்கறப்பவே பேர் தெரியாதவரா ஆகணுமா?

எழுதி வெக்கறதும் படம் எடுத்து வெக்கறதும் வெட்டி வேலன்னு நெனைக்காத. ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் மியூசியம் திருமங்கை ஆழ்வார் வெண்கல சில ஒண்ண 1967ல ஏலத்துல வாங்குச்சு. அதே சில நம்ம தமிழ்நாட்டு கோயில்ல இருந்தப்ப 1957ல எடுத்த போட்டோ பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்ல பத்திரமா இருந்துது, அத வெச்சுதான் அது கோயில்ல இருந்து போன சிலன்னு வெளிய வந்துது, 2024 மார்ச்ல திருப்பிக் குடுக்க ஆக்ஸ்போர்டு யுனிவர்சிட்டி கவுன்சில் ஒத்துக்கிச்சு. போட்டோ இல்லன்னா ஆழ்வார் இங்கயேதான் நின்னிருப்பாரு. அந்தப் பக்கம் 2023ல பிரிட்டிஷ் மியூசியத்துலயே ரெண்டாயிரம் பொருள் பக்கம் காணாம போயோ சேதமாகியோ இருக்குன்னு தெரிஞ்சுது, நெறய சாமான ஒழுங்கா பட்டியல்லயே ஏத்தல, ஏத்தாதத எங்க போயி தேடறது.

அதனால நீ செய்ய வேண்டியது இதுதான். கொலுசு வாங்குன கடை அண்ணன்கிட்ட எந்தப் பட்டறைல இருந்து வந்துதுன்னு கேளு. கம்பி இழுக்கறது ஒரு வீடு, பத்தவெக்கறது ஒரு வீடு, மெருகு இன்னொரு வீடுன்னு போயிருக்கும், ஒருத்தர் பேரோட நிக்காது, எல்லார் பேரும் வேணும், முக்கியமா வீட்டுல உக்காந்து பத்தவெக்கற அக்காங்க பேரு. ஆனா பேர போட சம்மதமான்னு கேட்டுட்டு வாங்கு, கேக்காம போடக்கூடாது. எத்தன டச் வெள்ளின்னும் கேளு, அதாவது எவ்வளவு சுத்தமான வெள்ளின்னு, அவரு சிரிச்சு மழுப்புவாரு, விடாத. தம்பிய கூட அனுப்பு, போன்ல அவங்க பேசறத ரெக்கார்ட் பண்ணிட்டு வரட்டும், வீடியோ வேணாம், பட்டறைல கூச்சப்படுவாங்க.

அப்பாகிட்ட சொல்லு, அடுத்த தவணை பீஸுக்கு நான் லைப்ரரில வேல பாத்து சேத்துக்கறேன், வாரம் 20 மணி நேரம் வரைக்கும் பாக்கலாம், நகைய அடமானம் வெக்க வேணாம். பெரியப்பா ஏற்காட்டுல இருந்து வந்தா காப்பித்தூள் அரைக் கிலோ வாங்கி வெய்யி, சிக்கரி வேணாம். ஜனவரில இங்க இருந்து ஊருக்கு வர்ற பையன் ஒருத்தன் இருக்கான், திரும்பி வர்றப்ப அவன்கிட்ட குடுத்து விடு, கூடவே தட்டுவடையும்.

உன் பொண்ணு