ரூபி ஏறிய படிகள்

அன்புள்ள முருகேசு,

நலம்தானே? நம் பள்ளிக்கூடத்து ஓட்டுக் கட்டிடத்தை இடிப்பதா, பூட்டி வைப்பதா என்று மேலாண்மைக் குழுவில் பேசுகிறார்கள் என எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு சரியில்லை. போன வெள்ளிக்கிழமை இங்கே அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் போய் வந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அங்கே வில்லியம் ஃப்ரான்ட்ஸ் தொடக்கப்பள்ளி என்று ஒன்று. வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்துவந்த இடம். 1960 நவம்பர் 14 அன்று ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, நான்கு மத்திய அரசுக் காவலர்கள் சூழ அந்தப் படிகளில் ஏறினாள். வாசலில் கத்திய கூட்டத்தைப் பார்த்து, ஊரில் வருஷாவருஷம் நடக்கும் மார்டி கிரா திருவிழா என்று நினைத்துவிட்டாளாம். குழந்தைதானே! வெள்ளைக்காரப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாஸ்டனிலிருந்து வந்த பார்பரா ஹென்றி டீச்சர்தான் அவளுக்குப் பாடம் நடத்தினார். வருஷம் முழுக்க அந்த வகுப்பில் ஒரு டீச்சர், ஒரு மாணவி. விஷம் வைத்துவிடுவோம் என்று மிரட்டியதால் சாப்பாடும் வீட்டிலிருந்துதான் வந்தது. அவள் அப்பாவுக்கு வேலை போயிற்று.

2005-இல் கத்ரீனா புயல் அந்தக் கட்டிடத்தையும் விடவில்லை. ஆனாலும் பழுதுபார்த்து, 2013-இல் வேறொரு பள்ளியை அங்கே குடிவைத்தார்கள். ரூபியின் நினைவாக 2306-ஆம் எண் அறையை மட்டும் 1960-இல் இருந்ததுபோலவே வைத்திருக்கிறார்கள். மற்ற அறைகளிலெல்லாம் வகுப்பு நடக்கிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. நான் தெருவில் நின்றபோது பள்ளி விடும் நேரம். தன் உயரத்துக்குப் பாதி இருக்கும் பையோடு, ஷூ கயிறு அவிழ்ந்து இழுபட, ஒரு பொடியன் ஓடி வந்தான். கண் கலங்கிவிட்டதடா.

நம் கட்டிடத்துக்கு அப்படி ஒரு வரலாறு இல்லைதான். ஆனால் நம் இரண்டு வீட்டிலும் முதன்முதலில் எழுத்து படித்தவர்கள் நாம், அந்தக் கூரைக்குக் கீழேதானே படித்தோம்? கண்ணாடி ஓடு வழியாக விழும் வெயில் உன் சிலேட்டுக்கு வந்தால் மணி பதினொன்று என்போமே. பூட்டிவிட்டால் இரண்டு மழைக்குள் கரையான் உத்தரத்தைத் தின்றுவிடும். அதற்குப் பதிலாக ஒன்றாம் வகுப்பை அங்கேயே நடத்தச் சொல். முதலில் சுவரும் உத்தரமும் தாங்குமா என்று ஒரு இன்ஜினியரை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஓடு மாற்ற எவ்வளவு ஆகும் என்று கொத்தனாரிடம் கேட்டு எழுது, என் பங்கை அனுப்புகிறேன்.

அப்புறம், மூன்றாம் வகுப்பு ஜன்னல் திண்டில் நாம் ஆணியால் கீறிய ஆடுபுலிக் கட்டம் இன்னும் இருக்கிறதா? அங்கே மட்டும் சிமெண்ட் பூச விடாதே.

அன்புடன்,
செல்வம்