பால் அளக்கும் இடத்துக்கு ஒரு கதவு வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்த பெற்றோர்கள் சேர்ந்த குழு இது. அங்கே பால் தயாரிக்கும் மூலைக்குத் தடுப்பும் கதவும் போட உங்கள் உதவி வேண்டும்.

ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தைக்கு ஆரம்ப நாட்களில் ஒரு வேளைக்கு இரண்டு, மூன்று மில்லி பால்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய ட்யூப் வழியாக வயிற்றுக்குள் இறங்கும். அளவு கூடி வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தாய்மார் பீய்ச்சிக் கொடுக்கும் பால் எல்லாம் ஒரே ஃப்ரிட்ஜில். குழந்தைகளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, அம்மா பெயரில்தான் சீட்டு. ஒரே நேரத்தில் இரண்டு 'பேபி ஆஃப் கவிதா' இருந்தால்? பால் மாறிப்போனால் தொற்று பயம், ரத்தப் பரிசோதனை என்று இரண்டு குடும்பமும் அலைய வேண்டும்.

சிஸ்டர் சிரிஞ்சைக் கண்ணுக்கு நேரே பிடித்து அளவு பார்ப்பார். அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடிக்கும். பிரிவின் வாசல் கதவிடுக்கில் தலையை நீட்டி, "சிஸ்டர், எங்க பாப்பா பால் குடிச்சிச்சா?" என்று ஒரு பாட்டி கேட்பார். (எங்கள் வீட்டுப் பாட்டிதான். சரி, நாங்களும் கேட்டிருக்கிறோம்.) பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால், கையில் இருப்பது யார் பால், எத்தனை மில்லி? தப்பு நுழைவது அங்கேதான். அதற்கு சிஸ்டரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

விமானம் 10,000 அடிக்குக் கீழே ஏறி இறங்கும்போது, கவனம் சிதறாமல் இருக்க, விமானிகள் வேறு பேச்சு பேசக்கூடாது என்று அமெரிக்காவில் 1981-லேயே விதி போட்டார்கள். இங்கே பால் அளக்கும் மூலைக்கு ஒரு கதவுகூட இல்லை.

கண்ணாடித் தடுப்புதான் போடுகிறோம், உள்ளிருந்தே குழந்தைகள் தெரிய வேண்டும் அல்லவா? அப்புறம் லேபிள் அடிக்கும் மெஷின், தனித்தனித் தட்டு வைத்த ஃப்ரிட்ஜ், ட்ரிப் ஏறும் குழாயில் மாட்டவே முடியாத பால் சிரிஞ்ச். மானிட்டர் சத்தத்தை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அதை இன்னொரு சிஸ்டர் கவனிப்பார். வாசலில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல நாங்களே முறை வைத்து உட்காருகிறோம்.

மொத்தச் செலவு 2,40,000 ரூபாய். எங்களுக்குள் 85,000 சேர்த்துவிட்டோம். நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு, குழுப் பொருளாளரிடம் கொடுங்கள். சிஸ்டர்களிடம் நீட்ட வேண்டாம், வாங்க மாட்டார்கள். அதுவும் பால் நேரத்தில் போய்க் கூப்பிடவே வேண்டாம்.