ஓவனுக்குள் வாணலி வைத்திருக்கும் பிள்ளைக்கு

கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அப்பா பக்கத்தில் டிவியை அலறவிட்டிருந்தார். காய்கறி போட்ட பேக்டு பாஸ்தா எப்படிச் செய்வது என்று நீ கேட்டதில் பாதிதான் சொன்னேன். மீதியை வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் நீ மேலே தள்ளிப் பார்க்கமாட்டாய். அதனால் ஒரே மூச்சில் எழுதுகிறேன்.

வீடியோவில் சமையலறையைக் காட்டினாயே, அப்போது ஓவன் கதவைத் திறந்தாய். உள்ளே மூன்று வாணலி, ஒரு குக்கர் மூடி. இங்கிலாந்தில், உன் ஷெஃபீல்டில் வாடகை வீட்டையே ஓவனோடு தருகிறார்கள், நீ அதைப் பாத்திர அலமாரி ஆக்கி வைத்திருக்கிறாய். நான் இங்கே ஓவனே இல்லாமல் பட்ட பாடு உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

எட்டாம் வகுப்பில் யார் வீட்டிலோ பிறந்தநாளுக்குப் போய்ப் பேக்டு பாஸ்தா தின்றுவிட்டு வந்து, பத்து நாள் என் உயிரை வாங்கினாய். பழைய பெரிய குக்கரில் கல் உப்பைப் பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, கால் மணி நேரம் சூடாக்கி, உள்ளே அலுமினியத் தட்டை இறக்கினேன். வெந்தது. ஆனால் மேலே சீஸ் வெளுத்துப் போய், தண்ணீரில் ஊறிய பஞ்சு மாதிரி கிடந்தது. நீ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாய். கடைசியில் தாளிக்கிற இரும்புக் கரண்டியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, சீஸுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்தேன். சீஸ் சுருங்கிப் பொரிந்து, பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. பாட்டி கூடத்திலிருந்து "என்னடி தீயற நாத்தம்?" என்று கேட்டாள். நீ மட்டும் தட்டை விட்டு நகரவில்லை.

சரி, போன மாதம் நீ செய்த பாஸ்தாவுக்கு வருவோம். "சாம்பார் மாதிரி ஆயிடுச்சும்மா" என்றாய். ஐஸ் பெட்டிக் காய்கறிப் பையை அப்படியே கொட்டினால் வேறு எப்படி ஆகும்? இந்தச் சமையலில் பார்த்துக்கொள்ள வேண்டியது தண்ணீர் ஒன்றைத்தான். காய் விடும் தண்ணீர் சாஸில் இறங்கிவிட்டால் எவ்வளவு சீஸ் போட்டும் பயனில்லை.

ஆகவே காயிலிருந்து தொடங்கு. காலிஃபிளவர், கேரட், குடைமிளகாய், கத்தரிக்காய் எல்லாம் சேர்த்து அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடு. கட்டைவிரல் நுனி அளவு நறுக்கி, எண்ணெயும் உப்பும் பிசறி, ஓவன் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பு. 200 டிகிரி, 20 நிமிடம். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 180 போதும். (ஏற்றுவதற்கு முன் வாணலிகளை வெளியே எடு. பிளாஸ்டிக் கைப்பிடி உருகினால் வீட்டுக்காரரிடம் நீதான் பதில் சொல்ல வேண்டும்.) ஓரம் சுருங்கி நிறம் மாறினால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். காளானை வாணலியில் தனியாக வதக்கு. முதலில் குளம் கட்டும், பயப்படாமல் விடு, வற்றிவிடும். ஐஸ் கீரையை உருகவைத்து, தேங்காய்ப்பால் பிழிவது போல் ஒட்டப் பிழி. பட்டாணியை மட்டும் அப்படியே போடலாம்.

பென்னே, அதாவது குழாய் மாதிரி இருக்கும் பாஸ்தா, 250 கிராம் எடுத்தால் உனக்கு இரண்டு வேளைக்கு வரும், மறுநாள் ஆஃபீசுக்கும் கொண்டுபோகலாம். நிறையத் தண்ணீரில் தாராளமாக உப்புப் போட்டு வேகவை. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே ஒன்றை எடுத்துக் கடித்துப் பார். நடுவில் மெல்லிய வெள்ளை வளையம் தெரியும். அங்கேயே வடித்துவிடு. மீதியை ஓவன் பார்த்துக்கொள்ளும். முழுக்க வேகவைத்தால் ஓவனில் களியாகிவிடும்.

இனி வெள்ளை சாஸ். வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, மைதா இரண்டு மேசைக்கரண்டி, பால் அரை லிட்டர். மைதாவை அங்கே பிளெய்ன் ஃப்ளார் என்பார்கள். பக்கத்திலேயே செல்ஃப் ரெய்சிங் என்று ஒன்று இருக்கும், அதில் பேக்கிங் பவுடர் கலந்திருக்கும், எடுத்துவிடாதே. வெண்ணெய் உருகியதும் மைதாவைப் போட்டுச் சின்னத் தீயில் பச்சை வாசனை போகும்வரை வறு, சிவக்க விடாதே. அப்புறம் பாலை முதலில் அரைக் கரண்டி, அது இழுத்துக்கொண்டதும் இன்னொரு கரண்டி என்று விட்டுக் கிண்டு. கேழ்வரகுக் கூழ் கட்டி தட்டாமல் கிண்டுகிற அதே கை வேலைதான். கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு இழு. கோடு மூடாமல் நின்றால் இறக்கிவிடு. இன்னும் கெட்டியாகட்டும் என்று காத்திருக்காதே, ஓவனில் பாஸ்தா குடித்துக்கொள்ளும்.

உப்பு, மிளகுத்தூள், அப்புறம் ஒரு சிட்டிகை ஜாதிக்காய் துருவல். சிரிக்காதே. நீ கைக்குழந்தையாக இருந்தபோது பாட்டி உரைகல்லில் உரசி நாக்கில் தடவிய அதே ஜாதிக்காய்தான். இந்த சாஸுக்கு அங்கத்தியர்களும் அதைத்தான் போடுகிறார்கள். பொறுமை இல்லாத நாளில் பாட்டில் தக்காளி சாஸை ஊற்றிக்கொள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சீஸைப் பற்றி அப்பா கட்டாயம் எழுதச் சொன்னார். பால்தானே, சைவம்தானே என்று எல்லாவற்றையும் வாங்காதே. பாலைத் திரிக்க ரென்னெட் என்று ஒன்று சேர்க்கிறார்கள். சில சீஸில் அது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்ததாக இருக்கும். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவை அது இல்லாமல் செய்யவே கூடாது என்பது அவர்கள் விதி. நம் ஊர் மாதிரி பச்சைப் புள்ளி போடுவது அங்கே கட்டாயம் இல்லை, அதனால் பாக்கெட்டின் பின்பக்கம் சைவர்களுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா பார். இழுவைக்கு மொஸரெல்லா, ருசிக்குப் பழைய செடார், இரண்டும் சேர்த்து 150 கிராம் போதும். கட்டியாக வாங்கித் துருவு. துருவி விற்பதில் ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள், அது சீராக உருகாது. பாதி சீஸை, சாஸ் அடுப்பை விட்டு இறங்கிய பிறகு கலக்கு. கொதிக்கும்போது போட்டால் எண்ணெய் பிரியும்.

எல்லாவற்றையும் கலந்து பாத்திரத்தில் கொட்டி, மீதி சீஸைத் தூவு. நீ தூக்கிப்போடுகிற ரொட்டி ஓரங்களை உதிர்த்து வெண்ணெயில் பிசறி அதன்மேல் போடு. அதே சூட்டில் 20 முதல் 25 நிமிடம். ஓரத்தில் சாஸ் கொப்பளித்து, மேலே நிறம் வந்தால் எடுத்துவிடலாம்.

கண்ணாடிப் பாத்திரமாக இருந்தால் கவனம். பிற்பாடு ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் வாங்கிய புதிதில் நான் சுடச்சுட எடுத்து ஈர மேடையில் வைத்தேன். டப் என்று ஒரே சத்தம், பாதி பாஸ்தா தரையில். அன்றைக்கு எல்லோருக்கும் தயிர்சாதம். உலர்ந்த துணி மேல் வை. பத்து நிமிடம் தொடாதே. பசிக்கும், தெரியும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில்தான் சாஸ் இறுகும்.

மூலையில் கருகி ஒட்டிக்கொள்கிற பகுதி உனக்கு என்று அப்பாவிடம் சண்டை போடுவாயே, இப்போது நான்கு மூலையும் அவருக்குத்தான். பல் ஆடுகிறது, இருந்தாலும் விடமாட்டேன் என்கிறார்.

சனிக்கிழமை செய்தால் ஃபோட்டோ அனுப்பு. மேலே மட்டும் அழகாக எடுத்து அனுப்பாதே. ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, அந்தப் பள்ளத்தின் அடியையும் ஒரு படம் எடு. தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அம்மா